ஏழே வாரத்தில் உதறும் கியர்பாக்ஸ்: செலவு யார் தலையில்?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அம்மாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதற்காக, மூன்று மாதத்துக்கு முன் பழைய கார் விற்கும் ஒரு நிறுவனத்தில் 11 வயதான ஜப்பானிய செடான் ஒன்றை 36,800 வெள்ளி ரொக்கமாகக் கொடுத்து வாங்கினார். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த சிஓஇயில் (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) இன்னும் நான்கு ஆண்டு பாக்கி. ஏழாவது வாரம், சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி உதற ஆரம்பித்தது. சிவிடி என்ற தானியங்கி கியர்பாக்ஸ் போய்விட்டது, மாற்ற 4,600 வெள்ளி ஆகும் என்று பட்டறையில் சொன்னார்கள். கூடவே லோயர் ஆர்ம் புஷ், என்ஜின் மவுண்டிங் இரண்டுக்கும் 870 வெள்ளி, ஏர்கான் கூலிங் காயிலுக்கு 780 வெள்ளி. விற்ற நிறுவனமோ, "பழைய வண்டி அப்படித்தான் இருக்கும். உள்ளபடியே வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்று கைவிரித்துவிட்டது. அங்கே வேலை செய்யும் விற்பனையாளர் வாசகருடைய மனைவியின் ஊர்க்காரர். வாங்கும் முன் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில், "அண்ணே, கியர்பாக்ஸ் போன வருஷம்தான் ஓவர்ஹால் பண்ணது, பட்டு மாதிரி போகும்" என்று சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை பட்டறையில் கியர்பாக்ஸைப் பிரிக்கப் போகிறார்கள். இனி என்ன செய்வது என்று கேட்கிறார்.

முதலில் பட்டறைக்குப் போன் போடுங்கள், ஐயா. வியாழக்கிழமை பிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இவ்வளவு அவசரமாகச் சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு. நீங்கள் வேறு இடத்தில் பிரித்துவிட்டால், "எங்கள் கண்ணில் காட்டாமல் கழற்றிவிட்டார், என்ன கோளாறு இருந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று விற்றவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். இன்னொன்று, பழுதை முதலில் விற்றவரே சரிசெய்து தரச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு பில்லை மட்டும் நீட்டினால் உங்கள் கை தாழ்ந்துவிடும்.

சட்டம் உங்கள் பக்கம் நன்றாகவே நிற்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் பகுதியைத்தான் எல்லாரும் 'லெமன் லா' என்கிறார்கள். அது புது வண்டிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய வண்டிக்கும் உண்டு, விற்றவர் வியாபாரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வண்டி கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் கோளாறு வெளிப்பட்டால், அது ஒப்படைத்த அன்றே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது. உங்களுக்கு ஏழாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆறு மாதம் கழித்துத் தெரிந்திருந்தால் நிரூபிக்கும் சுமை உங்கள் தோளில் ஏறியிருக்கும்.

அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். வியாபாரி பயனீட்டாளருக்கு விற்கும் பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும் என்ற கடமையை, 'உள்ளபடி' என்று ஒரு வரி போட்டு உதற முடியாது. நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தை ஒரு முறை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். 'கியர்பாக்ஸில் உதறல் உண்டு' என்று அந்தக் குறையையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் கதை வேறு. முன்பே சுட்டிக்காட்டிய குறையைப் பற்றிப் பிறகு புகார் சொல்ல முடியாது. "ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்றும் கேட்பார்கள். கால் மணி நேர ஓட்டத்தில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு மட்டும்தான் அந்த வாதம் செல்லும். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் உதறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இங்கே உதவும்.

இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். மூன்று பில்லையும் கூட்டி 6,250 வெள்ளி என்று கேட்காதீர்கள். 11 வயது வண்டியில் புஷ்ஷும் மவுண்டிங்கும் ரப்பர். அது வெடிக்கும், தேயும். வண்டியின் வயதையும் விலையையும் பார்த்துத்தான் தரத்தை அளப்பார்கள், தேய்மானம் உங்கள் செலவு. அந்த 870 வெள்ளியை விட்டுவிடுங்கள். கூலிங் காயில் நடுவில் நிற்கிற விஷயம். ஏர்கான் எந்த வாரம் குளிராமல் போனது என்று நீங்கள் எழுதவில்லை; முதல் சில வாரங்களிலேயே என்றால் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் தனி வரியாகக் கேளுங்கள். கியர்பாக்ஸ்தான் உங்கள் வழக்கு. அதோடு தேய்ந்த ரப்பரையும் சேர்த்துக் கட்டினால், நல்ல கோரிக்கையும் பேராசை மாதிரி தெரியும்.

கியர்பாக்ஸுக்கு ஆதாரம் சேர்ப்பதில்தான் உழைப்பு வேண்டும். விற்றவரோடு தொடர்பில்லாத ஒரு பரிசோதனை நிலையத்தில் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கம்ப்யூட்டரில் வரும் கோளாறுக் குறியீடுகளை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். கியர் எண்ணெயில் ஒரு சிறு குப்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுங்கள். கறுத்து, தீய்ந்த வாடையோடு, அடியில் உலோகத் தூள் மினுங்கினால், அது நீங்கள் ஓட்டிய 2,300 கிலோமீட்டரில் வரக்கூடியதா என்று மெக்கானிக்கைக் கேட்டு, பதிலையும் எழுதி வாங்குங்கள். ஒரு குடும்பத்துக்கு இப்படி ஒரு குப்பி எண்ணெய்தான் கைகொடுத்தது. அரை மணி நேர வாதம் செய்யாததை அது செய்தது. அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள். அம்மாவை டாக்சியில் அழைத்துப் போங்கள், ரசீதுகளை வைத்திருங்கள். உதறும் வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் "கெடுத்தது நீங்கள்தான்" என்பார்கள். அதைவிட, அந்த வண்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக எனக்கே மனசு வரவில்லை.

அறிக்கை வந்ததும் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், அதையே பதிவுத் தபாலிலும் போடுங்கள். வாங்கிய தேதி, கோளாறு தெரிந்த தேதி, அறிக்கை, 'உங்கள் செலவில் சரிசெய்து தர வேண்டும்' என்ற ஒரே கோரிக்கை, பதிலுக்கு 14 நாள் அவகாசம். கோபம் வேண்டாம். நியாயமான காலத்துக்குள், உங்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லாமல் அவர்கள் சரிசெய்யாவிட்டால், விலைக் குறைப்போ வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணமோ கேட்கலாம். திருப்பிக் கொடுத்தால், நீங்கள் ஓட்டிய காலத்துக்கு ஒரு தொகையைக் கழிப்பார்கள். உங்கள் நிலையில் கியர்பாக்ஸ் செலவு அளவுக்கு விலைக் குறைப்பு கேட்பதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

பதில் வரவில்லையா? பயனீட்டாளர் சங்கமான கேஸ் (CASE) சமரசம் பேச உதவும். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே போகலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கையைப் பயனீட்டாளர் பதிவுசெய்யக் கட்டணம் 10 வெள்ளிதான். விண்ணப்பம் இணையத்தில். என்னைப் போன்ற வழக்கறிஞர் யாரும் அங்கே வாதாட முடியாது, எனக்குக் கட்டணம் கொடுக்கும் வேலை உங்களுக்கு இல்லை. ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் முன்கூட்டியே சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.

அந்த வாய்ஸ் மெசேஜை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். கைப்பேசி மாற்றும்போது போய்விடும். இன்றே வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்து, பேச்சை எழுதி ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து வையுங்கள். ஓவர்ஹால் நடக்கவே இல்லை என்றால், அது வாங்குபவரை ஏமாற்றும் பேச்சு. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டமே அதை நியாயமற்ற வணிகச் செயலாகத் தனியாகவே பார்க்கிறது. ஓவர்ஹால் செய்த பட்டறையின் பில்லை அவர்களிடம் கேளுங்கள்.

ஊர்க்காரர் என்ற சங்கடம் எனக்குப் புரிகிறது. கோரிக்கை அவர் மேல் இல்லை, ரசீதில் பெயர் உள்ள நிறுவனத்தின் மேல். கடிதம் போவதற்கு முதல் நாள் மாலை அவரைக் கூப்பிட்டு, "தம்பி, உன் முதலாளிக்கு எழுதப் போகிறேன், உன் மெசேஜும் அதில் இருக்கும்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.