மலைக்குள் ஒரு கூடம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஜப்பானில் ஓர் அருங்காட்சியகம் மலைக்குள்ளேயே இருக்கிறதாமே, மேலே மரங்கள் நிற்கின்றனவாம். குகை மாதிரி குடைந்தார்களா? அத்தனை மண்ணைத் தளம் எப்படித் தாங்குகிறது? ஒழுகாதா?
- வாசகர், தாராபுரம்

பதில்: நீங்கள் கேட்பது ஷிகா மாகாணத்தில் உள்ள மிஹோ அருங்காட்சியகம். வடிவமைத்தவர் ஐ.எம்.பெய், திறந்தது 1997-ல். கட்டடத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் மண்ணுக்குள் இருக்கிறது. ஆனால் குடையவில்லை. மலையை மேலிருந்து வெட்டித் திறந்து, உள்ளே கட்டி, மண்ணைத் திரும்பப் போட்டு மரம் நட்டார்கள். குடைந்தது, அங்கே போகும் வழியில் இருக்கும் சுரங்கப்பாதையை மட்டும்தான்!

இனி பாரம். நனைந்த மண் ஒரு கன மீட்டருக்கு 1.8 முதல் 2 டன் வரும். ஒரு மீட்டர் உயரம் போட்டால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 டன். நம் வீட்டு அறைத் தளத்தில் ஆள், சாமானுக்கென்று எடுக்கும் கணக்கு 200 கிலோதான். காய்ந்த மண்ணின் எடையை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டால் முதல் அடைமழையிலேயே வினை.

ஒழுகல்தான் பெரிய தலைவலி. கான்கிரீட் தளத்துக்கு 100-க்கு 1 வாட்டம் விட வேண்டும். அதன்மேல் நீர்க்காப்பு விரிப்பு, வேர் துளைக்காத தாள், அதைக் காக்க ஓர் அடுக்கு, 10 சென்டிமீட்டர் ஜல்லி, வடிதுணி, கடைசியில் மண். விரிப்பு போட்டதும் 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் பார்த்துவிடுங்கள். மண் ஏறிய பிறகு ஓட்டையைத் தேடுவது நடக்காத காரியம். தளத்தின் நடுவில் ஒழுகுவது அபூர்வம். குழாய் நுழையும் இடத்திலும் ஓரச் சுவரிலும்தான் போகும். ஓரத்தில் விரிப்பு, மண் மட்டத்துக்கு மேல் 15 சென்டிமீட்டராவது ஏறி நிற்க வேண்டும். வடிதுணியைச் சிலர் மிச்சம் பிடிப்பார்கள். வண்டல் இறங்கி ஜல்லியை அடைத்துவிடும். தண்ணீர் தேங்கும், வேர் அழுகும், பாரமும் கூடும்.

பக்கச் சுவரை மறந்துவிடாதீர்கள். சுவருக்குப் பின்னால் 5 மீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் அடியில் சதுர மீட்டருக்கு 5 டன் தள்ளும். அதனால் சுவரடியில் ஜல்லி சூழ்ந்த துளைக்குழாய் போட்டு, தண்ணீரைச் சரிவில் வெளியேற்றிவிடுவார்கள்.

கேள்வி: உள்ளூர்க் கல்லைப் பதித்தாலே கட்டடம் நிலத்தோடு ஒட்டிப்போகாதா?
- வாசகி, ஒசூர்

பதில்: கல் மட்டும் போதாது. மிஹோவின் உள்ளே பதித்ததே உள்ளூர்க் கல் அல்ல, பிரான்ஸிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல். கண்ணை உறுத்துவது கல்லைவிட உயரம்தான். வரைபடம் முடியும் முன் கட்டடத்தின் நான்கு மூலையிலும் அதே உயரத்துக்கு மூங்கில் நட்டு, கயிறு கட்டி, சாலையில் நின்று பாருங்கள். கயிறு மலைமுகட்டுக்கு மேலே தெரிந்தால் இறக்குங்கள். பல இடங்களில் காட்சியைக் கெடுப்பது வாகன நிறுத்தமே. மிஹோவில் அது வரவேற்புக் கூடத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து சுரங்கம் வழியாக நடக்கலாம், அல்லது மின்வண்டியில் போகலாம்.