கவர், லேபிள், லேசர் பிரிண்டர்: கேட்டதும் சொன்னதும்

டி.டி.பி. கடை நடத்துகிறேன். கல்யாண சீசன் தொடங்கியதும் வந்த கேள்விகள் இவை.

அண்ணா, தங்கை கல்யாணப் பத்திரிகைக் கவரில் முகவரி அடித்தால், விரல் பட்டதும் எழுத்து உதிர்கிறது. டோனர் போலியா?

டோனரைத் திட்டாதீர்கள். அது மை இல்லை, பிளாஸ்டிக் தூள். உள்ளே ஃப்யூசர் ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் அதை உருக்கித் தாளில் அழுத்துகிறது. கவர் இரண்டு தாள் கனம், சூட்டைக் குடித்துவிடும். பிரிண்ட் கொடுக்கும்போது பேப்பர் வகையை 'என்வலப்' என்று மாற்றுங்கள். மெதுவாக ஓடும், ஆனால் ஒட்டும். சொரசொரப்பான, ஜரிகை மினுங்கும் கவர் என்றால் அதுவும் உதவாது. பேசாமல் கையால் எழுதிவிடுங்கள். பெரியவர்களுக்கு அதுதான் பிடிக்கும். அப்புறம், மூலையில் மஞ்சள் தடவுவதெல்லாம் பிரிண்ட் முடிந்த பிறகு! ஒருவர் தடவியே கொண்டுவந்தார். ரோலரைத் துடைக்க எனக்கு அரை நாள் போனது.

கவர் சுருக்கம் விழுந்து வருகிறதே?

கீழ் ட்ரேயில் அடுக்காதீர்கள். மேனுவல் வழியில் ஒவ்வொன்றாக விடுங்கள். பின்கதவு திறக்கிற மாடல் என்றால் திறந்து வையுங்கள், கவர் வளையாமல் நேராக வெளியே வரும். முதலில் உள்ளே போகும் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்துக் காற்றை எடுத்துவிடுங்கள். சில மாடல்களில் ஃப்யூசர் பக்கத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் இரண்டு நெம்புகோல் இருக்கும். கவருக்காக இறக்கினால், வேலை முடிந்ததும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள்.

ஜன்னல் வைத்த கவர்?

லேசருக்கு ஏற்றது என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் மட்டும். இல்லையென்றால் பிளாஸ்டிக் உருகி உள்ளே ஒட்டும்.

சார், 24 லேபிள் ஷீட்டில் 9தான் செலவானது. மீதியை மறுபடி விடலாமா?

வேண்டவே வேண்டாம். உரித்த இடத்தில் வழவழத் தாள் மட்டும் நிற்கும், பக்கத்து லேபிளின் ஓரம் லேசாகத் தூக்கியிருக்கும். சூடு பட்டதும் பசை இளகி, லேபிள் ஃப்யூசரில் சுற்றிக்கொள்ளும். பத்து ரூபாய் ஷீட்டை மிச்சம் பிடிக்கப்போய் ஃப்யூசரையே மாற்றியவன் நான். அடுத்த முறை இப்படி 9தான் தேவை என்றால், முதலிலேயே மிச்சம் 15 கட்டத்திலும் உங்கள் அனுப்புநர் முகவரியைப் போட்டு ஒரே தடவையில் அடித்துவிடுங்கள், என்றைக்காவது உதவும்.

இன்க்ஜெட் லேபிள் கைவசம் இருக்கிறது, போடலாமா?

கூடாது. அது இந்தச் சூட்டுக்குச் செய்ததில்லை.

மேல் வரிசை சரியாக விழுகிறது. கீழே போகப் போக எழுத்து மேலே ஏறி லேபிள் கோட்டில் இடிக்கிறது அண்ணா.

'ஃபிட் டு பேஜ்' போட்டிருப்பீர்கள், அது பக்கத்தைக் கொஞ்சம் சுருக்கிவிடும். 100 சதவீதம் வையுங்கள். 34 மி.மீ. உயர லேபிளில் 3 சதவீதம் சுருங்கினால் வரிசைக்கு ஒரு மி.மீ. போகும், எட்டாவது வரிசையில் அது 7 மி.மீ. ஆகிவிடும். தாள் அளவு லெட்டர் என்று இல்லாமல் ஏ4 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். முதலில் வெள்ளைத் தாளில் அடித்து, லேபிள் ஷீட்டை அதன் பின்னால் வைத்து டியூப்லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். கட்டத்துக்குள் எழுத்து உட்கார்ந்திருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.