சிங்கப்பூர்ப் பயணம்: கைச்செலவுக்கு ரொக்கமா, கார்டா?

வணக்கம். பெற்றோருடன் சிங்கப்பூர் செல்லும்போது பணம் முழுவதையும் ரொக்கமாக மாற்றுவதா, கார்டை நம்புவதா என்று கேட்டிருந்தீர்கள். உணவங்காடிகளுக்கும் லிட்டில் இந்தியாவின் சிறு கடைகளுக்கும் வேண்டிய அளவு வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வங்கிகள் பலவற்றின் சாதாரண கார்டுகளில் 3.5 சதவீதம் வரை நாணய மாற்றுக் கட்டணமும் அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும் என்பதால், மீதியை, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டில் சிங்கப்பூர் வெள்ளியாகவே ஏற்றிச் செல்வது நல்லது. சாதாரண கார்டை நீட்ட நேர்ந்தால், கடை இயந்திரத்தின் திரை ரூபாயா, வெள்ளியா என்று கேட்கக்கூடும். ரூபாய்த் தொகை பார்க்கப் பழக்கமானதாக இருந்தாலும் அந்த விகிதத்தில் கூடுதல் கட்டணம் கலந்திருக்கும், ஆகவே தயங்காமல் வெள்ளியையே தேர்ந்தெடுங்கள். காசாளர் தாமாக ரூபாயை அழுத்திவிட்டால், ரத்து செய்து மீண்டும் போடச் சொல்லுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன்பே இயக்கிவிடுங்கள்.