முத்துக்குழிவயல் மலைப்பகுதியில் காட்டு டாரகன் செடியைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள், குமரியில் அதற்குப் பழைய உலர்தாவரத் தாள் (காய்ந்த செடியை ஒட்டி, எடுத்த இடத்தை லேபிளில் எழுதி வைத்த தாள்) கிடைக்கவில்லையா?

தாள்களைத் தேடும் தளத்தில் 'கன்னியாகுமரி' என்று போட்டால் 1956-க்கு முந்திய உலர்தாவரத் தாள்கள் பெரும்பாலும் சிக்காது. அப்போது தோவாளை முதல் விளவங்கோடு வரை திருவிதாங்கூர்தானே (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி), லேபிளிலும் அதுதான் இருக்கும், அந்தப் பெயரில் தேடுங்கள்.

ஆனால் முத்துக்குழிவயலில் நீங்கள் பார்த்தது காட்டு டாரகன் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது லடாக் பக்கத்துச் செடி. உங்களுடையது மாசிபத்திரியாக இருக்கும்.

இலையைத் திருப்பிப் பாருங்கள்: பிளவுபட்டு, அடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல் இருந்தால் மாசிபத்திரி, டாரகன் இலை ஒடுங்கி, இருபுறமும் பச்சையாக இருக்கும். அப்புறம், பழைய ஆட்கள் மாசிபத்திரியை ஆர்ட்டிமிசியா வல்காரிஸ் என்ற அறிவியல் பெயரிலேயே எழுதினார்கள், இப்போது ஆர்ட்டிமிசியா நீலகிரிகா. இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

தளத்தில் தாள் எடுத்த இடமாகக் காட்டும் வரைபடப் புள்ளியை நம்பி மலை ஏறிவிடாதீர்கள். வெறும் 'திருவிதாங்கூர்' என்ற லேபிளுக்குப் பின்னாளில் யாரோ குத்துமதிப்பாக வைத்ததாக இருக்கலாம்.