அணை வேண்டாம் என்றால் எழுத்தில் சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் ஆற்றில் அணை கட்டக் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். புறக்கணித்துவிடலாம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சரியா?

பதில்: தயவுசெய்து புறக்கணிக்காதீர்கள். இந்தக் கூட்டத்துக்கான விதிகளைச் சொல்லும் மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற விதியே இல்லை. நீங்கள் வாசலில் கோஷம் போட்டுக்கொண்டிருக்க, உள்ளே கூட்டம் முடிந்துவிடும். உங்கள் ஆட்சேபம் ஒரு வரிகூட இல்லாத கூட்டக் குறிப்புதான் மேலே போகும்.

முதலில் நாட்களை எண்ணுங்கள். அறிவிப்புக்குப் பிறகு மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். சுருக்கம் வட்டார மொழியிலும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அன்றே, கூட்டத்தை நடத்தும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். நாளை வழக்கு என்று வந்தால் அந்த நகல்தான் சாட்சி.

கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்படும். ஆளுக்கு ஒரு விஷயமாகப் பிரித்துக்கொண்டு பேசுங்கள். பேசியதையே மனுவாகவும் கொடுங்கள். பேசியதும் கிளம்பிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. முடிவில் குறிப்பை வட்டார மொழியில் வாசித்து விளக்க வேண்டும். விடுபட்டதை அங்கேயே எழுந்து சொல்லிச் சேர்க்க வையுங்கள்.

கேள்வி: அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம். எதைப் பார்ப்பது?

பதில்: தண்ணீர்க் கணக்கை. நீர்மின் திட்டம் என்றால், பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டாவது இவ்வளவு நீர் வரும் என்று ஓர் அளவு போட்டிருப்பார்கள். அது எத்தனை ஆண்டுப் பதிவு, எந்த இடத்தில் அளந்தது என்று தேடுங்கள். கிளையாறு வந்து சேர்ந்த பிறகு கீழே அளந்ததை அணை இடத்துக்குச் சரியாகக் குறைக்காமல் போட்டிருந்தால் திட்டத்தின் பலனே ஊதிப்போயிருக்கும். கோடையில் ஆற்றில் எவ்வளவு விடுவார்கள், கீழே இருக்கும் குடிநீர்க் கிணறுகளுக்கு அது போதுமா என்றும் கேளுங்கள்.

அடுத்தது மீன் பட்டியல். வேறோர் ஆற்று அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தால் இங்கேதான் மாட்டும். வலையில் தினம் விழும் மீன் பட்டியலில் இல்லையா? மீன் பெயர், கிடைக்கும் மாதம், மடு எது என்று எழுதிக் கொடுங்கள். "இயற்கை அழியும்" என்று மட்டும் எழுதினால் அதை அவர்கள் ஒதுக்கிவிடலாம். இப்படி விவரமாக எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு (சைலன்ட் வேலி) அணையைச் சிங்கவால் குரங்குதான் நிறுத்தியதா?

பதில்: குரங்கு மட்டும் இல்லை. பாலக்காடு மாவட்டத்துக் குந்திப்புழை ஆற்றில் 120 மெகாவாட் நீர்மின் திட்டம். சுமார் 830 ஹெக்டேர் காடு மூழ்கியிருக்கும். சுகதகுமாரி போன்ற கவிஞர்கள் காட்டுக்காகப் பாடினார்கள். மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தோ மின்வாரியத்தின் கணக்கையே கையில் எடுத்து, மலபாருக்கு வேறு வழியில் மின்சாரம் தர முடியும் என்று காட்டியது. பலம் அங்கேதான் இருந்தது என்பது என் கருத்து. 1980இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றும் அணையை எதிர்த்தவர்கள் விடவில்லை. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது.

கேள்வி: சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால்?

பதில்: தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தரலாம். அதற்கு மேல் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை.