0.9 ஏன் 0.9-க்குச் சமமாகவில்லை?

கேள்வி: எக்செல் விரிதாளில் 43.1-இலிருந்து 43.2-ஐக் கழித்து, அதனுடன் 1-ஐக் கூட்டுகிறேன். செல்லில் 0.9 என்றுதான் தெரிகிறது. ஆனால் அதை 0.9-உடன் ஒப்பிடும் இஃப் ஃபார்முலா 'பொருந்தவில்லை' என்கிறது. தசம இடங்களை அதிகமாக்கினால் 0.899999999999999 என்று வருகிறது. என் தரவில் பிழையா?

பதில்: உங்கள் தரவிலும் ஃபார்முலாவிலும் பிழை இல்லை. எக்செல் எண்களை 64 பிட்டுகளில், இரும முறையில் (0, 1 என்ற இரண்டே இலக்கங்களால்) சேமிக்கிறது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் நீள்வதுபோல, பத்தில் ஒரு பங்கை இரும முறையில் எழுதினால் 0011 என்ற தொடர் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அதை எங்காவது வெட்டித்தான் வைக்க முடியும். இரண்டு தசம இடங்களில் முடியும் பின்னங்கள் .00 முதல் .99 வரை நூறு; அவற்றில் .00, .25, .50, .75 ஆகிய நான்கு மட்டுமே மிச்சமின்றிச் சேமிக்கப்படுகின்றன. மற்ற 96-உம் மயிரிழை அளவு விலகியே உள்ளே போகின்றன.

அந்த விலகல் உங்கள் கணக்கில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்ததற்குக் காரணம் கழித்தல். எக்செல் ஏறத்தாழ 15 இலக்கங்கள் வரை துல்லியம் காக்கும், 43.1-இல் முதல் இரண்டு இலக்கங்கள் முழுஎண் பகுதிக்கே போய்விடுகின்றன. ஏறக்குறைய சமமான இரு எண்களைக் கழிக்கும்போது முன்னிலக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைய, கடைசியில் ஒளிந்திருந்த பிழை முன்னுக்கு வருகிறது. இதில் இன்னொரு குழப்பமும் உண்டு: =0.5-0.4-0.1 என்று எழுதினால் எக்செல் 0 என்றே காட்டும். அதையே அடைப்புக்குறிக்குள் போட்டால் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழான எண் வரும். கழித்தல் கடைசிச் செயலாக இருந்து, விடை பூஜ்யத்தை ஒட்டி வந்தால், எக்செல் தானே அதைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. ஒரு செல்லில் சரியாக வந்ததை நம்பி மற்ற செல்களையும் நம்ப வேண்டாம் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

தீர்வு எளிது. ஒப்பிடும் இடத்தில், எண்ணைக் குறிப்பிட்ட தசம இடங்களுக்கு முழுமையாக்கும் ரவுண்ட் (ROUND) ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள்: கழித்துக் கூட்டிய கோவை முழுவதையும் அதற்குள் வைத்து, இரண்டு தசம இடங்கள் என்று குறிப்பிட்டு, அந்த விடையை 0.9-உடன் ஒப்பிடுங்கள். செல்லின் வடிவமைப்பில் தசம இடங்களைக் குறைப்பது தோற்றத்தை மட்டுமே மாற்றும். உள்ளிருக்கும் மதிப்பு அப்படியே இருக்கும், இஃப் ஃபார்முலாவும் அதையே பார்க்கும்.

பணக் கணக்கு என்றால், உண்மையில் செலுத்தப்படும் தொகையாக மாறும் ஒவ்வொரு வரியையும் ரவுண்ட் செய்துவிட்டுக் கூட்டுங்கள். இடையில் வரும் விகிதங்களை மட்டும் முழுத் துல்லியத்தில் விட்டுவிடுங்கள், இல்லையேல் சிறு வெட்டுகள் சேர்ந்து நிஜமான வித்தியாசமாகிவிடும். திரையில் தெரிவதையே மதிப்பாகக் கொள்ளச் சொல்லும் ஓர் அமைப்பு எக்செல்லின் மேம்பட்ட விருப்பங்களில் இருக்கிறது. அதை நான் பரிந்துரைப்பதில்லை. அது நீங்கள் உள்ளிட்ட எண்களையே நிரந்தரமாக வெட்டிவிடும். பிறகு அமைப்பை நீக்கினாலும் வெட்டுப்பட்ட இலக்கங்கள் திரும்பி வரமாட்டா.