ரப்பரைவிட எஃகு மீட்சி மிகுந்ததா?

கேள்வி: எங்களுக்குச் சிறிது ரப்பர் தோட்டம் உண்டு. எஃகுக்கே ரப்பரைவிட மீட்சி அதிகம் என்று பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். இழுத்தால் திரும்புவது ரப்பர் அல்லவா? ஆனால் புகைப்புரையில் காய்ந்த எங்கள் ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி இழுத்தால், அது முழுதாகத் திரும்புவதில்லை. ஏன்?
– வாசகி, குலசேகரம்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரிதான். பேச்சுவழக்கில் ஒரு பொருள் எவ்வளவு தூரம் நீண்டு திரும்புகிறது என்பதைப் பார்க்கிறோம். இயற்பியலோ, குறிப்பிட்ட திரிபை (நீள மாற்றத்துக்கும் பழைய நீளத்துக்கும் உள்ள விகிதத்தை) உண்டாக்க எவ்வளவு தகைவு (ஓர் அலகுப் பரப்பின்மீதான விசை) தேவைப்படுகிறது என்று கேட்கிறது; அது அதிகமாகத் தேவைப்பட்டால் மீட்சியும் அதிகம். பாடநூல்கள் இந்த வேறுபாட்டை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள எஃகுக் கம்பியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால், அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் நீளும். எடையை எடுத்ததும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். அதே அளவுள்ள மென்மையான ரப்பர் இழையோ 100 கிராமுக்கே இரு மடங்குக்கு மேல் நீண்டுவிடும். 10 கிலோவைத் தாங்காமல் அறுந்தும் போகும். தகைவைத் திரிபால் வகுத்துக் கிடைக்கும் யங் குணகம் எஃகுக்குச் சுமார் 20,000 கோடி பாஸ்கல். இத்தகைய ரப்பருக்குச் சில பத்து லட்சம் பாஸ்கல் மட்டுமே. தகைவுக்கு நேர்விகிதத்தில் திரிபு அமையும் என்ற ஹூக்கின் விதியும் (1678) எஃகுக்கு மீட்சி எல்லைக்குள் (விட்டால் முழுதாகத் திரும்பும் வரம்புக்குள்) நன்றாகப் பொருந்துகிறது. ரப்பருக்குச் சிறிதளவு இழுக்கும்வரையில்தான் பொருந்தும்.

இனி உங்கள் ஷீட்டுக்கு வருவோம். ரப்பர் என்பது சுருண்டு பின்னிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் கூட்டம். இழுத்தால் அவை விரிகின்றன, விட்டால் மீண்டும் சுருள்கின்றன. ஆனால் ரப்பர் பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் அடித்து, புகையில் உலர்த்திய ஷீட்டில் இச்சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படவில்லை. இழுத்துப் பிடித்திருக்கும்போது ஒன்றின்மீது ஒன்று நழுவி இடம் மாறிவிடுவதால், பழைய நிலைக்கு முழுதாகத் திரும்ப வழியில்லை. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தபடி கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், சங்கிலிகளுக்கிடையே ஆங்காங்கே குறுக்குப் பிணைப்புகள் உருவாகி அந்த நழுவலைத் தடுக்கின்றன. கடையில் வாங்கும் ரப்பர் வளையம் திரும்பி வருவது இதனால்தான். கந்தகத்தை மிக அதிகமாகச் சேர்த்தால் பிணைப்புகள் நெருங்கி, அதே பால் எபோனைட் என்னும் கடினப் பொருளாகிவிடும். கையால் இழுத்தால் அது நீளவே நீளாது; ஆயினும் உங்கள் மகளின் பாடநூல் கணக்கில், ரப்பர் வளையத்தைவிட அதற்கே மீட்சி அதிகம்.